இரட்டைக்குழல் துவக்கும் அதன் வாயொடுக்கமும்

துப்பாக்கி என்னுஞ் சொல் துருக்கி மொழியின் வழிவந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். அதனையே ஈழத்து மக்கள் துவக்கு என வழங்குவர். நெல்வயலைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கும் கமக்காரன் கையிலும், பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் உள்ளான் வேட்டைக்கு வயல்வெளிகளை நாடிச் சென்ற தோட்டத்துரைமார் கையிலும் இருந்தது பெரும்பாலும் சன்னத் துவக்கே. பலருங் கண்டிருக்கும் இக்கருவியின் உள்ளமைப்பைச் சிலரே அறிவர். அதனுள்ளும் குழலின் வாயிலே அமைந்த ஒடுக்கத்தைப்பற்றி நிலவும் எண்ணங்களிற் பல பிழையானவை. இவ்வொடுக்கத்தை ஆங்கிலர் ‘சோக்’ என்பர். முழு அளவில் அமைந்த இடத்தும் அது ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறிட்டு அவற்றுள் நாற்பது கூறே; அஃதாவது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். இச்சிறு வேறுபாடே, சுடப்பட்ட பறவை உடனே வீழ்தலையும், சன்னத்துக்குத் தப்புதலையும், புண்பட்டுப் பற்றைக்குள் மறைந்து நாட்கணக்கில் வருந்தி மடிதலையும் பெரிதுந் தீர்மானிக்கின்றது. ஆதலின் வாயொடுக்கம் என்பது கம்மியர்க்கு மட்டும் உரிய நுணுக்கமன்று. கருவியை ஏந்துவோன் ஒவ்வொருவனும் அறிந்திருக்க வேண்டிய பொறுப்புமாகும்.

சன்னத் துவக்கும் துளையளவும்

துவக்குகளை இருபெரும் வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, குழலின் உட்புறத்தே திருகு வரிகள் வெட்டப்பெற்று, ஒற்றைக் குண்டைச் சுழலச் செய்து நெடுந்தூரத்துக்கு நேராகச் செலுத்தும் றைபிள். மற்றையது, உட்புறம் வழுவழுப்பாயமைந்து, நூற்றுக்கணக்கான சிறு சன்னங்களை ஒருங்கே வீசுஞ் சன்னத் துவக்கு. றைபிள் ஒரு புள்ளியை நாடுவது. சன்னத் துவக்கோ ஒரு பரப்பை நாடுவது. பறக்கும் பறவையையும் ஓடும் முயலையும் ஒற்றைக் குண்டால் அடித்தல் அரிதாதலின், விரைந்தியங்கும் இலக்கின்மீது சன்னங்களை ஒரு வலைபோல விரித்தெறியுங் கருவி வேண்டப்பட்டது. வலைவீசுவோன் வலையின் அகலத்தையும் கண்ணின் நெருக்கத்தையும் அறிந்திருத்தல் போலவே, துவக்கேந்துவோன் தன் சன்னப் பரவலின் அகலத்தையும் நெருக்கத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

குழலின் துளையளவைக் குறிக்கும் முறை புதியோரை மயங்கவைப்பதொன்று. பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு இருபதாம் இலக்கத் துவக்கினும் பெரிய துளையுடையது. இதன் காரணம் பழைய வழக்கிலுள்ளது. ஒரு குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈயவுருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறையாகுமோ, அத்தொகையே அக்குழலின் இலக்கம். பன்னிரண்டு உருண்டைகள் ஓர் இறாத்தலாயின் அது பன்னிரண்டாம் இலக்கம். இருபது உருண்டைகள் வேண்டின் இருபதாம் இலக்கம். உருண்டைகளின் தொகை கூடக்கூட ஒவ்வோர் உருண்டையும் சிறுத்தல் இயல்பே. உருண்டையின் கனவளவு அதன் விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவதாதலின், இலக்கம் ஏறக்குறைய இருமடங்காகும்போதும் விட்டம் சிறிதே குறைகின்றது. பன்னிரண்டாம் இலக்கத்தின் விட்டம் 0.729 அங்குலம், பதினாறாம் இலக்கத்தினது 0.662, இருபதாம் இலக்கத்தினது 0.615. நானூற்றுப்பத்து எனப்படும் சிறு துவக்கு மாத்திரம் இவ்வழக்குக்குப் புறம்பானது. அதன் எண் உருண்டைகளின் தொகையன்று, 0.410 அங்குலம் என்னும் விட்டமே அதன் பெயராயிற்று.

இரட்டைக்குழலின் வளர்ச்சி

ஒரு முறை சுட்டபின் மருந்தையும் சன்னத்தையும் குழல்வாய் வழியே இடித்து நிரப்பவேண்டியிருந்த காலத்தில், இரண்டாவது வெடி ஆயத்தமாக இருத்தல் பெரும் பேறாகக் கருதப்பட்டது. இரு குழல்களை ஒன்றாகப் பிணைக்கும் எண்ணம் இதனின்றே தோன்றியது. எனினும் இரு குழல்களைச் சேர்த்தல் சொல்லுமளவு எளிதன்று. நிறை மிகுந்தாற் கருவி கைக்கு அடங்காது. குழல் மெலிந்தால் வெடித்துச் சிதறும். அன்றியும் இரண்டும் ஒரே இடத்திற் சன்னங்களைச் செலுத்துதல் வேண்டும். முற்றிலும் இணையாகக் குழல்களைப் பொருத்தினால், சுடும்போது வலக்குழல் கருவியை வலப்புறமும் இடக்குழல் இடப்புறமும் உதைத்துத் திருப்பிவிடும். அதனாற் குழல்கள் வாய்ப்புறத்தே சற்று நெருங்கும்படி சாய்த்து ஒட்டப்படுகின்றன. இச்சாய்வைச் சுட்டுச் சுட்டுப் பார்த்துத் திருத்துதல் கைதேர்ந்த கம்மியரின் வேலையாகும்.

இலண்டன் மாநகரிற் பணிபுரிந்த யோசேப்பு மன்றன் (1766 - 1835) இரட்டைக்குழல் துவக்குக்கு அழகும் அளவும் தந்தவரென்று போற்றப்படுகின்றார். இரு குழல்களுக்கும் நடுவே உயர்த்தியமைத்த பட்டிகைக்கு அவர் 1806ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்றார். அவர் கைக்கொண்டது சக்கிமுக்கிக் கல்லின் தீப்பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் முறை. அம்முறையில் முதலெழும் ஒளியைக் கண்டே பறவைகள் திசைமாறித் தப்பின. அக்குறையைப் போக்க முயன்றவர் ஒரு போதகர் என்பது வியப்புக்குரியது. இசுக்கொத்துலாந்துப் போதகராகிய அலெக்சாந்தர் போர்சயித், அடிபட்ட மாத்திரத்தே தீப்பற்றும் இரசாயனப் பொருளைப் பயன்படுத்தும் பூட்டுக்கு 1807இல் உரிமைப்பத்திரம் பெற்றார். பிரான்சு தேசத்துக் கம்மியராகிய லெபோசே குழலைப் பின்புறமாக மடித்துத் திறந்து தோட்டா இடும் முறையை வளர்த்தார். 1851இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் இம்முறை ஆங்கிலரின் கவனத்தை ஈர்த்தது. இறுதியில் பர்மிங்காம் நகரின் வெஸ்லி றிச்சாட்ஸ் தொழிலகத்தைச் சேர்ந்த அன்சன், டீலி என்னும் இருவர் 1875இல் உருவாக்கிய பூட்டமைப்பு, குழலை மடித்துத் திறக்கும் செயலாலேயே உள்ளிருக்குஞ் சுத்தியல்களை ஏற்றி நிறுத்தியது. பிற்காலத்துப் பக்கவாட்டு இரட்டைக்குழல் துவக்குகளிற் பல இவ்வமைப்பையே பின்பற்றின.

குழல்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கும் முறையும் உண்டு. அமெரிக்கராகிய யோன் பிரவுணிங் வகுத்த இத்தகைய துவக்கு, அவர் 1926இல் மறைந்தபின், 1931ஆம் ஆண்டு தொடக்கம் பெல்சியத்திலிருந்து விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவியது. பக்கவாட்டு அமைப்பிற் குறிபார்ப்போன் கண்முன் இரு குழல்களின் அகலம் தோன்றும். அடுக்கமைப்பில் ஒரு குழலின் அகலமே தோன்றும். மேலும் அடிக்குழல் தோளுக்கு நேராகத் தாழ்ந்திருப்பதால் அதன் உதைப்புக் குழல்வாயை மேலே கிளப்புவது குறைவு. இக்காரணங்களாற் போட்டிக்களங்களில் அடுக்குத் துவக்கே பெருவழக்காயிற்று.

ஒடுக்கத்தின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை துவக்குக்குழலின் துளை தொடக்கமுதல் வாய்வரை பெரும்பாலும் ஒரே அகலமுடையதாயிருந்தது. தூரஞ் செல்லச் செல்லச் சன்னங்கள் அளவுமீறிச் சிதறின. வாய்ப்புறத்தைச் சற்றே ஒடுக்கினாற் சிதறல் குறையும் என்பதைப் பலர் வெவ்வேறிடங்களிற் கண்டனர். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துக் கம்மியராகிய வில்லியம் றொச்செஸ்ரர் பேப் 1866இல் இதனை உரிமைப்பத்திரத்திற் குறித்தார். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் வாத்து வேட்டையிற் புகழ்பெற்ற பிரெட் கிம்பிள் என்பாரும் இதனைத் தாமாகவே கண்டதாகக் கூறினார். எனினும் இதனைத் தொழிலாக வளர்த்து உலகறியச் செய்தவர் பர்மிங்காம் கம்மியராகிய வில்லியம் வெலிங்ரன் கிறீனர். 1874இல் அவர் தம் ஒடுக்கக்குழலைப்பற்றி அறிவித்தபோது நம்பியோர் சிலர், மறுத்தோர் பலர். அடுத்த ஆண்டில் ‘பீல்ட்’ என்னும் ஆங்கில வாரப்பத்திரிகை பொதுப்பரீட்சையொன்றை நடாத்தியது. ஒடுக்கக்குழல்கள் பழைய நேர்குழல்களைத் தெளிவாக வென்றன. சொற்போராற் றீராத வழக்கைத் தாளில் விழுந்த சன்னத்துளைகளின் எண்ணிக்கை தீர்த்துவைத்தது.

புதுமை தன்னோடு ஓர் இடரையுங் கொணர்ந்தது. நேர்குழலிற் சில வேளைகளில் ஒற்றைக் குண்டையும் இட்டுச் சுடுதல் வழக்கம். துளைக்கு நிறைவாகப் பொருந்திய குண்டு ஒடுங்கிய வாயில் இறுகினாற் குழல் பிளக்கக்கூடும். ஆதலால் ‘குண்டுக்கு உரியதன்று’ என்னும் பொருள்பட்ட ஆங்கிலச் சொற்களை அக்குழல்களிற் பொறித்தல் ஆங்கிலப் பரிசோதனைச்சாலைகளில் 1875 முதற் சில ஆண்டுகள் நடைமுறையாயிருந்தது.

ஒடுக்கம் செய்வதும் செய்யாததும்

தோட்டா வெடித்ததும் சன்னங்கள் ஒரு திரளாகக் குழலினூடே விரைகின்றன. வாயை அணுகியதும் அத்திரள் சிறிது நெருக்குண்டு நீள்கின்றது. புறத்தே உள்ள சன்னங்கள் சற்றே உள்நோக்கித் தள்ளப்படுகின்றன. பின்னே வருந் தக்கை சன்னத்திரளை முட்டிக் கலைப்பதும் குறைகின்றது. இவற்றின் பயனாகச் சன்னங்கள் நெடுந்தூரம் நெருங்கியே செல்கின்றன.

ஒடுக்கக்குழல் ‘வலுவாக அடிக்கும்’ என்பது பலருடைய நம்பிக்கை. இது பொருந்தாது. ஒடுக்கத்தாற் சன்னத்தின் வேகம் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. நாற்பது யார் தூரத்திலுள்ள பறவைமேல் ஒடுக்கக்குழலினின்று வந்த சன்னம் ஒன்று எவ்வளவு ஆழம் பாயுமோ, அவ்வளவே நேர்குழலினின்று வந்த சன்னமும் பாயும். வேறுபடுவது தைக்கும் சன்னங்களின் தொகையேயன்றி ஒவ்வொன்றின் ஆற்றலன்று. சன்னத்தின் ஆற்றல் அதன் பருமனையும் வேகத்தையும் பொறுத்தது. காற்றின் தடையால் அவ்வாற்றல் விரைந்து தேய்கின்றது. எனவே ஆற்றல் தீர்ந்த தூரத்திற் சன்னங்களை எவ்வளவு நெருக்கினும் பயனில்லை. முழுவொடுக்கத் துவக்கை வாங்கியவன் எண்பது யார் தூரத்திற் பறக்கும் வாத்தைச் சுட முனைவானாயின், அவன் தன் கருவியின் இயல்பை அறியாதவனாவான். அங்கே வாத்து வீழ்வதினும் புண்படுவதே பெரும்பாலும் நிகழும்.

ஒடுக்கத்தின் தரங்களை அளவிடற்கு ஒரு பொதுநெறி உண்டு. நாற்பது யார் தூரத்தில் ஒரு தாளை நிறுத்திச் சுட்டு, முப்பது அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் சன்னங்களில் எத்தனை பங்கு விழுகின்றதெனக் கணக்கிடுவர். ஆங்கில வழக்கின்படி ஒடுக்கமில்லா நேர்குழல் நூற்றுக்கு 40 பங்கையும், சிற்றொடுக்கம் 50 பங்கையும், காலொடுக்கம் 55 பங்கையும், அரையொடுக்கம் 60 பங்கையும், முக்காலொடுக்கம் 65 பங்கையும், முழுவொடுக்கம் 70 பங்கையும் வட்டத்துக்குள் செலுத்தும். பன்னிரண்டாம் இலக்கத்திற் காலொடுக்கம் ஏறக்குறைய ஆயிரத்தில் 10 பங்கு அங்குலமும், அரையொடுக்கம் 20 பங்கும், முக்காலொடுக்கம் 30 பங்கும், முழுவொடுக்கம் 40 பங்கும் ஒடுங்கியிருக்கும்.

இவ்வெண்களின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆங்கில அளவின் ஆறாம் இலக்கச் சன்னங்கள் அவுன்சுக்கு 270 ஆகும். ஓர் அவுன்சும் அதன் பதினாறிலொரு பங்கும் கொண்ட தோட்டாவில் ஏறக்குறைய 287 சன்னங்கள் உள. நாற்பது யார் தூரத்தில் நேர்குழல் இவற்றுள் 115ஐ வட்டத்துக்குள் இடும்; முழுவொடுக்கம் 201ஐ இடும். வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 707 சதுர அங்குலம். ஆகவே நேர்குழலுக்குச் சராசரி ஆறு சதுர அங்குலத்துக்கு ஒரு சன்னமும், முழுவொடுக்கத்துக்கு மூன்றரைச் சதுர அங்குலத்துக்கு ஒரு சன்னமும் விழுகின்றன. சிறு பறவையொன்று முன்னையதன் இடைவெளியில் ஓரிரு சன்னங்கள் மட்டும் பட்டுத் தப்பிச் செல்லல் கூடும்; பின்னையதிற் பல சன்னங்கள் தைத்து உடனே வீழும். இத்தூரத்தில் ஒடுக்கம் இரக்கத்தின் பக்கத்தே நிற்கின்றது.

ஆயின் தூரங் குறைந்தால் நிலைமை மாறுகின்றது. இருபது யாரில் நேர்குழலின் பரவல் ஏறக்குறைய 32 அங்குல அகலமாயிருக்க, முழுவொடுக்கத்தின் பரவல் ஏறக்குறைய 16 அங்குலமே. விட்டம் அரைவாசியாகுமிடத்துப் பரப்புக் காற்பங்காகும். எனவே அண்மையில் எழும் பறவையைச் சுடும்போது, முழுவொடுக்கத் துவக்கேந்தியவன் மற்றவனுக்குள்ள பரப்பின் நாலிலொரு பங்கைக்கொண்டே தன் குறியைச் சரிக்கட்ட வேண்டியவனாகின்றான். குறி பிழைத்தாற் பறவை தப்பும். பரவலின் ஓரத்தே அகப்பட்டாற் புண்படும். நடுவே அகப்பட்டால் உணவுக்குதவாத அளவுக்குச் சிதையும். ஒடுக்கம் மிகுந்த துவக்கே சிறந்த துவக்கு என்னும் கொள்கையின் பிழை இதனாற் புலப்படும். ஒடுக்கத்தில் மேலென்றுங் கீழென்றும் இல்லை. தூரத்துக்கு ஏற்றதென்றும் ஏலாததென்றுமே உண்டு.

இரு குழல், இரு தூரம்

இரட்டைக்குழல் துவக்கின் சிறப்பு இவ்விடத்தே முழுமையாக விளங்குகின்றது. இரு வெடிகள் அடுத்தடுத்துக் கிடைத்தல் அதன் ஒரு பயனே. இரு வேறு தூரங்களுக்கேற்ற இரு வேறு ஒடுக்கங்கள் ஒரே கணத்திற் கையகத்திருத்தல் அதனினும் பெரிய பயன். மரபுவழிப் பக்கவாட்டுத் துவக்கில் வலக்குழல் அகலமான பரவலுக்கும் இடக்குழல் நெருங்கிய பரவலுக்கும் உரியவை. முன்விசை வலக்குழலையும் பின்விசை இடக்குழலையும் இயக்கும். வயல்வெளியில் நடந்துசெல்வோன் முன் பறவை எழுந்து அப்பாற் செல்லும்போது முதல்வெடி அண்மையிலும் இரண்டாவது வெடி சேய்மையிலும் நிகழ்தலின், முதலிற் சிற்றொடுக்கமும் பின்னர் அரையொடுக்கமும் பயன்படும். இங்கிலாந்திற் பறவைகளைத் துரத்தி வேட்டைக்காரரை நோக்கி வரச்செய்யும் வழக்கமும் உண்டு. அங்கே பறவை சேய்மையினின்று அணுகுவதால் முறை தலைகீழாகும். பின்விசையை முதலிலும் முன்விசையைப் பின்னரும் இழுப்பர். விரலின் சிறு பெயர்ச்சியால் ஒடுக்கத்தைத் தேர்ந்துகொள்ளும் இவ்வசதிக்காகவே, ஒற்றை விசை வந்தபின்னரும் இரு விசைகளை விரும்புவோர் உளர்.

ஒடுக்கத்தைத் தெரிபவன் முதலில் தன் இலக்கு பெரும்பாலும் எத்தூரத்தில் அகப்படுகின்றதென ஆராய்தல் வேண்டும். பற்றைக்குள் ஓடும் முயலுக்கும், காலடியில் எழுந்து வளைந்து பறக்கும் உள்ளானுக்கும் நேர்குழலோ சிற்றொடுக்கமோ போதும். பொதுநோக்குக்குச் சிற்றொடுக்கமும் அரையொடுக்கமும் சேர்ந்த இணையே பரந்த பயனுடையது. உயரப் பறக்கும் வாத்து முதலியவற்றுக்கு அரையொடுக்கமும் முழுவொடுக்கமும் ஏற்றவை. ஐயம் எழுந்தவிடத்துக் குறைந்த ஒடுக்கத்தைக் கொள்ளலே நன்று; ஏனெனிற் பெரும்பாலோர் தாம் சுடுந் தூரத்தை மிகையாகவே மதிக்கின்றனர். அன்றியும் நிலையான ஒடுக்கமுள்ள குழலிலிருந்து கம்மியன் உலோகத்தைத் தேய்த்து அகற்றி ஒடுக்கத்தைக் குறைத்தல் எளிது. குறைந்ததை மீளக் கூட்டல் அரிது. குழலின் வாய்ப்புறத்தை அறுத்துக் குறுக்குவோர் அறியாமலே ஒடுக்கம் முழுவதையும் அறுத்தெறிந்து விடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருவழக்கான திருகிப்பூட்டும் வாய்க்குழாய்கள் இக்கவலையை ஓரளவு போக்கின. ஒரே துவக்குக்குப் பல ஒடுக்கங்களை மாற்றிமாற்றிப் பூட்டல் இவற்றால் இயலும். எனினும் வாய்க்குழாய் பூட்டாது சுடுதலும், தளர்ந்த வாய்க்குழாயோடு சுடுதலும் குழலைப் பழுதாக்கும்.

தாளே சான்று

குழலிற் பொறித்த குறி வேறு. குழல் செய்யுஞ் செயல் வேறு. ஒரே ஒடுக்கமுள்ள இரு குழல்கள் வெவ்வேறு பரவல் தருதலும், ஒரே குழல் வெவ்வேறு தோட்டாக்களுக்கு வெவ்வேறு பரவல் தருதலும் உண்டு. பழைய தோட்டாக்களிற் கம்பளித் தக்கை இருந்தது. புறத்தேயுள்ள சன்னங்கள் குழற்சுவரில் உராய்ந்து தட்டையாகி வழிவிலகிச் சென்றன. 1960களிற் சன்னங்களை ஒரு கிண்ணம்போலத் தாங்கும் பிளாத்திக்குத் தக்கை பரவியபின் இவ்வுராய்வு குறைந்து பரவல் நெருங்கியது. ஆதலாற் பாட்டன் காலத்தில் அரையொடுக்கமாய்ச் சுட்ட குழல், பேரன் இடும் புதிய தோட்டாவுக்கு முக்காலொடுக்கம்போலச் சுடுதல் கூடும்.

உண்மையறியும் வழி எளியது. பாதுகாப்பான வெளியில், பின்னே மண்மேடுள்ள இடத்தில், நான்கடிச் சதுரத்துக்குக் குறையாத வெள்ளைத் தாளொன்றை நாட்டி, நாற்பது யார் அளந்து நின்று சுடல் வேண்டும். பின்னர்ச் சன்னத்துளைகள் மிக நெருங்கிய பகுதியை நடுவாகக் கொண்டு முப்பதங்குல வட்டம் வரைந்து, அதனுள் உள்ள துளைகளை எண்ணி, தோட்டாவிலுள்ள மொத்தச் சன்னங்களாற் பிரித்து நூறாற் பெருக்கினால் விடை கிடைக்கும். ஒரு வெடியை நம்பலாகாது. ஐந்து வெடிகளேனுஞ் சுட்டுச் சராசரி காணல் வேண்டும். அவன் வழக்கமாகச் சுடும் தூரம் இருபத்தைந்து யாராயின் அத்தூரத்திலும் ஒரு தாளை நாட்டிப் பார்த்தல் தக்கது. இருபத்தைந்து யாரில் விழுந்த துளைகளின் அகலத்தை நேரிற் கண்டவன் ஒடுக்கத்தைப்பற்றி மிகைபடப் பேசான்.

பழைய துவக்கைக் கையாள்வோர்க்கு வேறு இரு எச்சரிக்கைகள் உள. இரண்டரை அங்குலத் தோட்டாவறையுள் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவை இடலாகாது. மூடியிருக்குந் தோட்டா நீளத்திற் குறுகித் தோன்றி அறைக்குள் அடங்கினும், வெடிக்கும்போது அதன் மடிப்பு விரிந்து வழியை அடைத்து அமுக்கத்தை ஏற்றிவிடும். இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் செய்த தமாசுக்குக் குழல்களை, தேர்ந்தோர் சோதித்துத் தக்கவையென்று கூறினாலன்றி, புகையில்லா மருந்துக்குப் பயன்படுத்தல் இடர்விளைக்கும்.

ஈயமும் உருக்கும்

இலக்கிற் படாத சன்னங்களின் கதை வெடியோசையோடு முடிவதில்லை. நீர்நிலைகளின் சேற்றில் விழுந்த ஈயச் சன்னங்களை, இரையை அரைக்கத் தாம் விழுங்கும் சிறுகற்களென எண்ணி வாத்துகள் உட்கொள்கின்றன. அவை பறவையின் அரைவைப்பையில் தேய்ந்து குருதியிற் கலந்து நஞ்சாகின்றன. இதனைக் கருதி தென்மார்க்கு தேசம் 1996இல் ஈயச் சன்னத்தை முற்றாகத் தடைசெய்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் 1991 முதல் நாடெங்கும் விலக்கப்பட்டது. ஈயத்துக்குப் பதிலாகப் பயன்படும் உருக்குச் சன்னம் நிறையிற் குறைந்தது, வன்மையில் மிகுந்தது. நிறைகுறைவால் அது விரைவில் வேகமிழக்கும். அதனாற் பருமன் கூடிய சன்னம் வேண்டப்படும். வன்மை மிகுதியால் அது குழலிற் றட்டையாகாது நெருங்கியே செல்லும்; அதனால் ஒடுக்கம் குறைவாகவே வேண்டப்படும். பழைய குழல்களின் இறுகிய ஒடுக்கத்தில் அது வடுவையும் வீக்கத்தையும் உண்டாக்கும். ஆகவே அரையொடுக்கத்துக்கு மேற்பட்ட குழல்களில் உருக்குச் சன்னத்தை இடலாகாதென்பது பொதுவிதி. ஒரு நூற்றாண்டாக ஒடுக்கத்தை இறுக்கவே முயன்ற கம்மியர் அதனைத் தளர்த்தும் வழியை நாடவேண்டியவராயினர்.

உயிர்க்கொலையில்லா வேட்டை

இக்கருவியின் வரலாற்றில் இன்னுமொரு மாற்றங் குறிப்பிடத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கூட்டில் அடைத்த புறாக்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுச் சுடும் போட்டி மேல்நாடுகளிற் பெருவழக்காயிருந்தது. 1900ஆம் ஆண்டிற் பரிசு மாநகரில் ஒலிம்பிக்கு விழாவையொட்டியும் இத்தகைய போட்டி நிகழ்ந்தது. அதற்கு முன்னரே, 1880இல், அமெரிக்காவின் சின்சினாற்றி நகரத்தவராகிய யோர்ச்சு லிகொவ்சுக்கி என்பார் களிமண்ணாற் செய்த சிறு தட்டைப் பொறியால் வீசிப் பறக்கச் செய்யும் முறையைக் கண்டிருந்தார். நாளடைவில் தட்டு புறாவின் இடத்தைப் பெற்றது. களிமண் புறா என்னும் பெயர் நின்றபோதும் பிற்காலத்தில் அது சுண்ணாம்புக்கற்றூளும் கீலுங் கலந்து செய்யப்படலாயிற்று.

இவ்விளையாட்டுகளும் ஒடுக்கத்தின் இலக்கணத்தைத் தெளிவாக விளக்குகின்றன. திராப்பு என்னும் போட்டியிற் றட்டுச் சுடுவோனைவிட்டு அகன்று விரையும். அவன் சுடும்வேளை அது முப்பது யாருக்கு அப்பாற் சென்றுவிடுதலால் முக்காலொடுக்கமும் முழுவொடுக்கமும் வேண்டப்படும். சிகீற்று என்னும் போட்டியில் தட்டுகள் ஏறக்குறைய இருபது யார் தூரத்திற் குறுக்கே பறத்தலின் மிகவும் அகன்ற வாயே ஏற்றது. இரட்டைத் திராப்பு என்னும் போட்டியில் இரு தட்டுகள் ஒருங்கே எழும். முதற்றட்டை அண்மையிலும் இரண்டாவதைச் சேய்மையிலும் வீழ்த்தவேண்டியிருத்தலால், ஒரு குழலுக்கு ஒரு தூரம் என்னும் பழைய நெறி அங்கே நன்கு பயன்பட்டது. 2004ஆம் ஆண்டு அதென்சு ஒலிம்பிக்கில் இந்தியாவின் இராச்சியவர்த்தன் சிங் இராத்தோர் வெள்ளிப்பதக்கம் பெற்றது இப்போட்டியிலேயே. 2016இன் பின் இது ஒலிம்பிக்குப் பட்டியலினின்று நீக்கப்பட்டது.

கொல்லாமையைத் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றும் மரபில் வந்தோர்க்குத் துவக்கைப்பற்றிய கல்வி எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பு. விளைந்த நெல்லை அழிக்கும் பன்றியின்முன் நிற்குங் கமக்காரன் அவ்வினாவை வேறுவிதமாகவே எதிர்நோக்குகின்றான். அவனுக்கும் சட்டம் எல்லை வகுத்துள்ளது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலச் சட்டம் உரிமமின்றித் துவக்கு வைத்திருத்தலைத் தடுத்தது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர்களுக்குக் காவல் தந்தது. சட்டம் யார் சுடலாம், எதனைச் சுடலாம் என்று கூறும். எத்தூரத்திற் சுடாது விடல் வேண்டும் என்பதைக் கருவியின் இயல்பறிந்தவனே தனக்குத்தானே விதித்துக்கொள்ளல் வேண்டும். தன் இரு குழல்களின் பரவலையுந் தாளிற் கண்டு, அப்பரவலின் எல்லைக்கு அப்பாற்பட்ட விலங்கை நோக்கி உயர்த்திய துவக்கைச் சுடாமலே தாழ்த்துபவன், வாயொடுக்கத்தின் பாடத்தை முற்றக் கற்றவனாவான்.